நீர்க்குடமும் கலைக்கூடமும்

மட்குடத்தில் நீர் குளிர்ந்திருப்பதேன்? சுட்ட மண்ணின் நுண்டுவாரங்களினூடாக நீர் சிறிது சிறிதாகக் கசிந்து ஆவியாகின்றது. ஆவியாகும்போது குடத்தின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கின்றது. ஆகவே, கசிவு மட்குடத்தின் குறையன்று. அதுவே அதன் குணமாகும். இவ்வுண்மையை மனத்திற்கொண்டால், ஆபிரிக்க மட்பாண்டக் கலையில் இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றமொன்றை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

நைஜீரியாவின் நடுப்பகுதியில் வாழும் குபாரி மக்களிடையே பானை வனைதல் பெண்களின் தொழில். அவர்கள் திகிரியைப் பயன்படுத்துவதில்லை. களிமண்ணைத் திரிகளாக உருட்டி ஒன்றன்மேலொன்றாக இணைத்து, நிலையாக நிற்கும் பானையைத் தாமே சுற்றி நடந்து அதன் சுவரை எழுப்புவர். ஈரமண்ணிற் பல்லி, தேள், பாம்பு முதலிய உருவங்களைக் கீறி, திறந்த வெளியில் தீமூட்டிச் சுடுவர். குவாலி என்னுங் கிராமத்திற் பிறந்த லாடி குவாலி என்னும் பெண்மணி இத்தொழிலிற் பெரும்புகழ் பெற்றவர்.

அக்காலத்தில் அபுஜா எனவும் இன்று சுலேஜா எனவும் வழங்கும் ஊரின் எமிர் மாளிகையில் அவருடைய பானைகளை ஆங்கிலக் குயவர் மைக்கல் காடியூ கண்டு வியந்தார். அவ்வூரிற் காடியூ நிறுவிய பயிற்சி நிலையத்தில் லாடி 1954 ஆம் ஆண்டிற் சேர்ந்தார். அங்கும் அவர் பழைய முறையிலேயே பெரும் பானைகளை வனைந்தார். ஆயின் அவை கண்ணாடி போன்ற மெருகுப்பூச்சுப் பெற்று, செல்சியஸ் அளவில் 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் சூளையில் வெந்தன. மண் இறுகியது, துவாரங்கள் அடைபட்டன. நீர் கசியாத பானையில் நீர் குளிர்வதுமில்லை. இவ்வாறு நீர்க்குடம் தன் தொழிலை இழந்து, கலைப்பொருளாய் நூதனசாலைகளை அடைந்தது.

கென்யாவில் 1950 இற் பிறந்து, இங்கிலாந்திற் கலை பயின்ற மக்டலீன் ஒடுண்டோ, 1970களில் இதே நிலையத்துக்கு வந்து குபாரிப் பெண்களின் கைமுறையைக் கற்றார். அவர் மெருகுப்பூச்சை நாடவில்லை. கையால் வனைந்த கலத்தின்மேல் நுண்களிக் குழம்பைப் பூசி, தேய்த்து ஒளிரச்செய்து சுடுவதே அவர் முறை. காற்றோட்டமுள்ள சூளையில் மண்ணிலுள்ள இரும்பு செந்நிறங் காட்டும். காற்றைக் குறைத்துப் புகையை அடைத்தாற் கலம் கருநிறமாகும். பானைக்கு வாய், கழுத்து, வயிறு என உடலுறுப்புக்களின் பெயர்களை வழங்குகின்றோமல்லவா? அவருடைய கலங்கள் அவ்வுவமையை மெய்ப்பிப்பனபோல மனித உடலின் வளைவுகளோடு நிற்கின்றன.

இவ்விருவரும் பழைய வடிவத்தை அப்படியே படியெடுத்தவரல்லர். பழைய கைப்பழக்கத்தைக் காத்தவர்கள். லாடி குவாலி 1984 இல் மறைந்தார். 2007 இல் வெளியிடப்பட்ட நைஜீரியாவின் இருபது நைரா நாணயத்தாளில் அவர் பானையோடு காட்சியளிக்கின்றார். எனினும் அப்பெருமையாற் கிராமத்துப் பெண்ணின் குடத்துக்கு விலை கூடிவிடாது. தாகந்தீர்க்குங் குடத்தை வனையுங் கைகள் ஓய்ந்துவிட்டால், கலைக்கூடத்துக் கலங்களுக்குக் கற்பிப்பவர் யார்?