காப்புப் பிரதிக்குள் இருப்பது என்ன?

இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்கானது. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள், உரிய காப்புப் பிரதி இல்லாமையால், மீட்க முடியாமற் போயின. காப்புப் பிரதி இல்லாதோரின் நிலை இதுவெனில், அது இருப்பதாக நம்பியிருப்போரின் நிலை யாது? ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை நாம் நோக்கலாம்.

மென்பொருளில் கண்டறியப்படும் வழுக்களையும், செய்து முடிக்க வேண்டிய பணிகளையும் பதிந்து கண்காணிப்பதற்கெனத் தனியான மென்பொருள்கள் உள்ளன. அவுஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஜிரா அவற்றுள் பெயர் பெற்றதாகும். ஒரு வழு ஏன் ஏற்பட்டது, யார் அதனைத் திருத்தினார் என்ற பல்லாண்டு கால வரலாறு அதனுள்ளேயே தங்கியிருக்கின்றது.

நிறுவனங்கள் தமது சொந்தச் சேவையகத்தில் இயக்கும் ஜிரா, தனது தரவுகளை எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதி, ஒரே ஸிப் கோப்பாகச் சுருக்கித் தருகின்றது. அதனைத் திறந்தால் இரு கோப்புகளைக் காணலாம். ஒன்றில் பதிவுகள், கருத்துரைகள், பயனர் விபரங்கள், பணி ஒழுங்குகள் ஆகியன உள்ளன. மற்றையதில் துணை மென்பொருள்களின் தரவுகள் உள்ளன. இரண்டாவதைத் தேவையற்றதென நீக்கிவிட்டால், பணிக்கால அட்டவணை போன்றவை திரும்பக் கிடைக்கமாட்டா.

இதனிலும் முக்கியமான விடயம் ஒன்றுண்டு. பதிவுகளுடன் இணைக்கப்பட்ட படங்களும் ஆவணங்களும் இந்த ஸிப் கோப்பில் அடங்குவதில்லை. அவை சேவையகத்தில் வேறொரு கோப்புறையில் இருப்பதால், தனியாகவே பிரதி செய்யப்படல் வேண்டும். பிரதி எடுக்கப்படும் வேளையில் ஊழியர்கள் பணியாற்றிக்கொண்டிருந்தால் தரவுகள் ஒன்றுக்கொன்று முரண்படவும் கூடும். மீளமைக்க முயன்று தோல்வியடையும்போதே அக்குறை வெளிப்படும். இதனாலேயே, நாளாந்தப் பாவனையிலுள்ள ஜிராவுக்குத் தரவுத்தளத்தின் சொந்தக் காப்புமுறையையே அட்லாசியன் பரிந்துரைக்கின்றது.

மேலும், இக்கோப்பிலிருந்து முழுமையாக மீளமைக்கும்போது ஏற்கெனவே உள்ள தரவுகள் யாவும் அழிக்கப்பட்டுவிடும். எனவே பரீட்சார்த்த மீளமைப்பை வேறொரு கணினியிலேயே செய்து பார்ப்பது அவசியமாகும்.

கோப்பு ஒன்று நாள்தோறும் தவறாது உருவாகின்றது என்பது மாத்திரம் பாதுகாப்பாகிவிடாது. அதனுள் என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்பதைப் பொறுப்பிலுள்ளோர் அறிந்திருத்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலினால் மாத்திரம் போதாது. அவ்வணை நீரைத் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே சோதித்தறிதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.