பேணுதல் பிணியாகும்போது



ஒழுங்கும் நேர்த்தியும் பேணுதலும் நமது மார்க்கம் விரும்பும் பண்புகளாகும். எச்செயலையும் செம்மையாகச் செய்வதை இஹ்ஸான் என்கிறோம். எனினும், அந்த நேர்த்தியே ஒரு மனிதனைச் சிறைப்படுத்தி, அவனது மனைவி மக்களையும் அதே சிறையில் அடைத்துவிடும் நிலையொன்று உண்டு. உளமருத்துவம் அதனை ஆளுமைக் கோளாறுகளுள் ஒன்றாகக் கணிக்கிறது. ஆங்கிலத்தில் ஓ.சி.பி.டி. எனச் சுருக்கி வழங்கப்படும் இதனை நாம் இங்கு மிகையொழுங்கு ஆளுமைக் கோளாறு என்று சொல்லிக்கொள்வோம்.

நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்யும் ஒரு தகப்பனைக் கற்பனை செய்து பாருங்கள். கூலியாள் கட்டிய வரம்பு சற்றே கோணியிருந்தால் அவருக்குப் பொறுக்காது. அதை வெட்டிச் சரித்துவிட்டுத் தாமே மீண்டும் கட்டுவார். எவரிடமும் ஒரு வேலையை நம்பி ஒப்படைக்கமாட்டார். கணக்குக் கொப்பியில் ஒரு ரூபாய் இடித்தால், விதைப்பு பிந்துவதையும் பாராமல் இரவு முழுவதும் அந்த ஒரு ரூபாயைத் தேடுவார். கையில் பணமிருந்தும் நாளை ஏதும் நேர்ந்துவிடுமோ என்று பிள்ளைக்குச் செருப்பு வாங்கத் தயங்குவார். உடைந்த குடை, பழைய சாக்கு எதனையும் எறியவிடமாட்டார். பெருநாளன்றும் ஓய்ந்திருக்க அவரால் இயலாது. வீட்டில் உம்மா சோறு பரிமாறும் முறை முதல் மகன் புத்தகம் அடுக்கும் விதம் வரை யாவும் அவர் வகுத்தபடியே நடந்தாக வேண்டும். அவர் குடிப்பவரல்லர், அடிப்பவருமல்லர், ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இளைஞர்களிடத்திலும் இதன் சாயலைக் காணலாம். ஓர் எழுத்துப் பிழைத்தால் தாளையே கிழித்து முழுவதையும் மறுபடி எழுதும் மாணவன், பாடத்தை முடிக்காமலே பரீட்சைக்குப் போகிறான். நேர்த்தியை நாடியதால் வேலையே முடிவுறாமற் போவதுதான் இக்கோளாறின் முக்கிய அடையாளம். ஆயினும் இதைக் கேட்டவுடன் பிள்ளைக்கு நோயாளி என்று பட்டம் சூட்டிவிடாதீர்கள். ஆளுமை முதிர்ந்து உருப்பெறும் வாலிப வயதிலேயே இது தெளிவாகப் புலப்படும். இப்போக்கு பல ஆண்டுகள் நிலைத்து, வீடு, தொழில், உறவு யாவற்றையும் பாதிக்கும்போதே மருத்துவர் அதனைக் கோளாறு என்பார். மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு முதல் எட்டுப் பேர் வரை இதற்கு ஆளாகக்கூடுமென அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் மதிப்பிடுகிறது. அந்நூல் இன்னொன்றையும் தெளிவுபடுத்துகிறது. ஒருவருடைய மார்க்கமோ பண்பாடோ இயல்பாகக் கற்பிக்கும் ஒழுக்கப் பேணுதலை இக்கோளாறின் அறிகுறியாகக் கொள்ளலாகாது. ஆகவே ஐவேளை தொழுவதும் ஹராம் ஹலால் பார்ப்பதும் நோயாகிவிடுமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

நம்மவர் பலர் இதனை வஸ்வாஸோடு குழப்பிக்கொள்கின்றனர். வுழூ முறிந்ததோ இல்லையோ என்று மீண்டும் மீண்டும் கழுவுபவர், தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுபவர், ஈமானைப் பற்றி வேண்டாத எண்ணங்கள் உள்ளத்தில் பாய்ந்து வந்து அலைக்கழிக்கப்படுபவர் ஆகியோரிடம் காணப்படுவது பெரும்பாலும் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய். அவர் தம் எண்ணத்தை வெறுக்கிறார். அதிலிருந்து விடுபடத் துடிக்கிறார். மிகையொழுங்கு ஆளுமையுடையவரோ தாம் செய்வதே சரியென்றும் பிறரே சோம்பேறிகள் என்றும் நம்புகிறார். முன்னவர் தம்மால் தாமே வருந்துகிறார். பின்னவரால் அவரது குடும்பம் வருந்துகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

இவற்றை மேற்கத்தியரின் புதுக் கண்டுபிடிப்பு என்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரையடுத்த ஒரு கிராமத்தில் 850ஆம் ஆண்டளவில் பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். கோபம், அச்சம், துக்கம் ஆகியவற்றோடு வஸ்வாஸுக்கும் அதில் தனி இடமளித்தார். வஸ்வாஸுள்ளவர் தனித்திருக்கலாகாது, மக்களோடு கலந்து பழக வேண்டும், தீய எண்ணத்தை நல்லெண்ணத்தால் எதிர்கொள்ள வேண்டும் என்பன அவர் கூறிய வைத்தியங்கள். உள்ளம் அமைதியாயிருக்கும்போதே ஆறுதல் தரும் எண்ணங்களைச் சேமித்து வைக்கவும் சொன்னார். சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ அதன் உளவியற் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். துஆவும் திக்ரும் உள்ளத்துக்கு ஆறுதலாகும். அவற்றோடு வைத்தியமும் தேடலாம் என்பதை நம் முன்னோரே அறிந்திருந்தனர்.

மிகையொழுங்குக்குரிய மருந்து ஸுன்னாவிலும் இருக்கிறது. அனஸ் (ரழி) அவர்கள் சிறுவராயிருந்தபோது நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். அத்தனை காலத்திலும் நபியவர்கள் தம்மை நோக்கிச் சலிப்பாக ஒரு சொல் சொன்னதில்லை என்றும், ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்றும் அவர்களே அறிவித்தது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. பத்தாண்டுகள்! ஒரு சிறுவன் எத்தனை பாத்திரத்தைக் கவிழ்த்திருப்பான், எத்தனை வேலையை மறந்திருப்பான்! பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு இழுப்பதற்கு முன் வாப்பாமார் இதனை ஒருகணம் எண்ணிப்பார்க்கட்டும். ஸல்மான் (ரழி) அவர்களும் இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அபுத்தர்தா (ரழி) அவர்களைத் தடுத்து, உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமையை நினைவூட்டினார்கள். நபியவர்கள் அதனைச் சரிகண்டார்கள். அங்கே குறைக்கச் சொல்லப்பட்டது நபிலான வணக்கமே என்றால், வரம்பும் கணக்குக் கொப்பியும் எம்மாத்திரம்?

இனி சிகிச்சை. இக்கோளாறுக்கென்றே தனி மாத்திரை எதுவுமில்லை. மனச்சோர்வோ பதகளிப்போ சேர்ந்திருந்தால் அவற்றுக்கு வைத்தியர் மருந்து தருவார். பிரதானமானது பேச்சுவழிச் சிகிச்சையே. சிந்தனையையும் நடத்தையையும் சிறுகச் சிறுகத் திருத்தும் பயிற்சி அதில் அளிக்கப்படுகிறது. உதாரணமாக, ஒரு வேலைக்கு ஒரு மணித்தியாலம் என வரையறுத்து, முடிந்தளவில் நிறுத்தவேண்டும். மகனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, பின்னால் போய்ச் சரிபாராதிருக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு சிறு குறையை விட்டுவைத்து, அதனால் வானம் இடிந்து விழவில்லை என்பதை நேரில் காணவேண்டும். முதலில் நெஞ்சு படபடக்கும். பழகப் பழக அடங்கும். பலனுக்கு மாதங்கள் ஆகலாம். எண்ணச் சுழற்சி நோய்க்கோ பயனுள்ள மருந்துகளும் உண்டு. கழுவத் தூண்டும்போது கழுவாதிருக்கப் பழக்கும் சிகிச்சையும் உண்டு.

சிக்கல் யாதெனில், இவர்கள் தாமாக வைத்தியரை நாடுவது அரிது. உங்களுக்குப் பைத்தியம் என்று மனைவி சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். நித்திரை இல்லையே, களைத்துப் போனீர்களே, அதற்காக ஒருமுறை வைத்தியரைப் பார்ப்போம் என்றால் இசைவார்கள். அதில் பொய்யுமில்லை, அநேகர் அந்தக் களைப்போடுதான் முதன்முதலாக வைத்தியரிடம் வருகிறார்கள். பிள்ளைகளும் வாப்பாவை எதிர்த்து வாதாடாமல், எந்தச் செயல் தங்களை நோகச் செய்கிறது என்பதை மட்டும் அமைதியாகச் சொல்லலாம்.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னர் நம் நாட்டில் உளநல சேவை கொழும்பைத் தாண்டி மாவட்டங்களுக்கும் விரிவடைந்தது. அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் இச்சேவைக்குக் கட்டணமில்லை. நேரில் செல்லக் கூச்சமாயின், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டுமென்பதில்லை. அவரோடு வாழ்பவரும் அழைக்கலாம்.