விருந்தினருக்குப் புதுச்சாற்றுப் பானங்கள்



பலெர்மோவில் இருந்துகொண்டு, வீட்டுக்கு வருபவர்களுக்குப் போத்தல் தோடம்பழச் சாற்றை ஊற்றிக் கொடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படுவதில்லை. குளிர்காலத்தில் பலாறோ சந்தைக்குப் போனால் தட்டுத்தட்டாக எலுமிச்சையும் தோடம்பழமும் குவிந்து கிடக்கும். தை, மாசி மாதங்களில் நகரின் ஓரத்திலுள்ள சியாக்குல்லியில் விளையும் 'தார்தீவோ' மந்தரின் வரும். கொட்டை குறைவு, இனிப்பு அதிகம். எட்னா மலைப் பக்கத்துச் சிவப்புத் தோடம்பழமான தரொக்கோவும் அப்போது கிடைக்கும். இரவுக் குளிர்தான் அதற்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது.

முதலில் பாணி. ஒரு கோப்பை சீனிக்கு ஒரு கோப்பை தண்ணீர் விட்டுச் சூடாக்கி, சீனி கரைந்ததும் ஆறவிடுங்கள். ஒரு கிளாஸுக்கு எலுமிச்சைச் சாறு 30 மி.லீ., பாணி 30 மி.லீ., மந்தரின் அல்லது தரொக்கோச் சாறு 90 மி.லீ., ஒரு சிட்டிகை உப்பு. ஐஸ்கட்டி போட்டுக் குலுக்கி, மேலே சோடா விடுங்கள். உப்பை விடாதீர்கள், அது கைப்பை அடக்கிச் சுவையை எடுத்துக் கொடுக்கும். கத்தானியாக் கடைகளில் சோடா, எலுமிச்சை, உப்பு மட்டும் சேர்த்து 'செல்ட்ஸ்' என்று கொடுக்கிறார்களே, அது எங்கள் ஊர்த் தேசிக்காய்ச் சோடாதான்!

பழத்தை ஆட்கள் வந்த பிறகே பிழியுங்கள். வாசம் சீக்கிரம் பறந்துவிடும். கொட்டையில்லாத நேவல் தோடம்பழச் சாறோ வைக்க வைக்கக் கைக்கும். தோலைச் சீவிப் போடுவதானால் மஞ்சள் பகுதி மட்டும் போதும். பெட்டியில் 'புச்சா நொன் எடீபிலே' என்றிருந்தால் தோலைப் பாவிக்க வேண்டாம். அது மருந்து பூசிய பழம்.

மதுசாரம் சேர்ப்பது அவரவர் விருப்பம். நான் எல்லோருக்கும் முதலில் வெறும் சாற்றுக் கலவையையே செய்வேன். கேட்பவருக்கு மட்டும் 40 மி.லீ. ஜின் அல்லது ரம் விட்டு, அந்தக் கிளாஸில் புதினா இலை ஒன்று வைப்பேன். பிள்ளைகள் கை மாறி எடுத்துவிடக் கூடாதல்லவா. கார் ஓட்டி வந்தவரையும் கவனியுங்கள். இத்தாலியில் இரத்தத்தில் லீற்றருக்கு 0.5 கிராமுக்கு மேல் கூடாது. அனுமதிப்பத்திரம் எடுத்து 3 ஆண்டு ஆகாதவருக்கு ஒரு துளியும் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் பொம்பெல்மோ. எங்கள் பம்பளிமாஸுக்கு உறவுக்காரப் பழம்; பெயரிலும் உறவு தெரிகிறது. முதல் தலைமுறையாக இங்கு வந்த எங்கள் பெரியவர்கள் பலர் இன்று கொலஸ்ரரோலுக்கும் பிரஷருக்கும் குளிசை எடுப்பவர்கள். சிம்வஸ்ரற்றின், அற்றோர்வஸ்ரற்றின், நிபெடிப்பின் போன்ற குளிசைகளைக் குடலில் உடைக்கும் நொதியை இந்தச் சாறு தடுத்துவிடும். அதனால் மருந்து அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் சேரும். ஒரு கிளாஸின் விளைவு ஒரு நாளைக்கு மேலும் நீடிக்கும். ஆகவே காலையில் சாறு, இரவில் குளிசை என்று பிரித்து எடுத்தும் பயனில்லை. பம்பளிமாஸும் அப்படித்தான். குளிசைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'சுக்கோ தி பொம்பெல்மோ' என்ற சொற்களைத் தேடுங்கள். சந்தேகமென்றால் மருந்துக்கடையில் கேளுங்கள். பெரியவர்கள் வரும் நாளில் நான் தரொக்கோவையே பிழிகிறேன். நிறமும் அழகு, யாரிடமும் குளிசை விசாரிக்கவும் தேவையில்லை.