கால்வாய்த் தண்ணீருக்குள் ஒரு போட்டி

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்தாதவர் நம்மில் எத்தனை பேர்? கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்போருக்கு சென் செபஸ்தியான் கால்வாயும் அப்படித்தான். இரண்டையும் விட நமக்குப் பழக்கமானது பேர வாவியின் பச்சை நீர். அதில் சில துளிகளை நுணுக்குக்காட்டியில் வைத்தால், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு போட்டியைப் பார்க்கலாம்.

குண்டூசித் தலையளவு நீர்த்தெள்ளும், அதைவிடப் பன்மடங்கு சிறிய றொட்டிபரும் ஒரே பாசியைத்தான் உண்கின்றன. அழகுமீன் வளர்க்கும் பிள்ளைகள் நீர்த்தெள்ளை அறிவார்கள். அது நீரை வடிகட்டியே உண்ணும். தண்ணீர் சுத்தமாக இருந்தால் பாசியில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும், றொட்டிபர் பட்டினி கிடக்கும்.

வெப்பம் கூடினால் கணக்கு மாறுகிறது. அடுப்பு வேகமாக எரிந்தால் விறகு கூடத் தேவைப்படுமல்லவா? அதுபோல இந்த உயிர்களுக்கும் உணவும் ஒட்சிசனும் அதிகம் வேண்டும். ஆனால் 20 பாகை நீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும் ஒட்சிசன், 30 பாகையில் ஏழரையாகக் குறைந்துவிடும். முதலில் திண்டாடுவது பெரிய உடல்தான். கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த சி.எச். பெர்னாண்டோ 1980இல் இலங்கை நீர்நிலைகளின் விலங்குப் பிளாந்தன் பற்றி எழுதினார். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பெரிய நீர்த்தெள்ளுகள் அரிது என்பதும் அவர் காட்டியவற்றுள் ஒன்று. நமது நீரில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் சின்ன வகைகளே.

அவற்றின் மேல்தான் உலோகமும் விழுகிறது. காலி வீதியில் தேயும் டயரிலிருந்து நாகம், பிறேக்கிலிருந்து செம்பு, நம் வீட்டுத் தகரக் கூரையிலிருந்தும் நாகம். எல்லாம் மழையோடு கானுக்குள் போகின்றன. உடலில் உப்பைத் தக்கவைக்கும் நீர்த்தெள்ளின் வேலையைச் செம்பு குலைக்கிறது. நீர் சூடாக இருந்தால் உலோகம் உடலுக்குள் புகுவதும் பொதுவாக விரைவாகிறது. றொட்டிபர்களில் பல இதைக் கொஞ்சம் கூடத் தாங்கும். ஆகவே போட்டியில் சின்னது முந்துகிறது. எப்போதும் இப்படியே நடக்கும் என்றில்லை. பெரியவற்றைத் தின்றுவிடும் திலாப்பியா மீனையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நமக்கென்ன என்கிறீர்களா? வடிகட்டும் ஆள் குறைந்தால் பாசி பெருகும். வெப்பத்தை விரும்பும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி திரளாகிவிட்டால் நீர்த்தெள்ளாலும் அதை விழுங்க முடியாது. அதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. இரவில் பாசி ஒட்சிசனை இழுத்துக்கொள்ள, விடியும்போது மீன்கள் செத்து மிதக்கும். பேர வாவியில் இப்படி மீன்கள் மிதந்ததைப் பத்திரிகைகளில் எத்தனை தடவை பார்த்தோம்!

ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆனால் முன்பு விழுந்த ஈயம் மண்ணை விட்டுப் போகவில்லை. நெருக்கடி வரும்போது நீர்த்தெள்ளு ஓட்டுக்குள் முட்டையிட்டு, நல்ல காலம் வரும்வரை அடிச்சேற்றில் உறங்க விடுகிறது. அந்த முட்டையும் அந்த ஈயமும் கிடப்பது ஒரே சேற்றில்.