செய்மதி கண்ட வெள்ளம் கோப்பாய்க்கு எப்படி வந்து சேரும்?

ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்ரினல்-1 செய்மதி ஏறத்தாழ 693 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. காலை ஆறு மணியை ஒட்டியோ மாலை ஆறு மணியை ஒட்டியோ அது யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கடக்கும்போது, கோப்பாய் வெளி வயல்களும் உப்பாற்றுக் கடல்நீரேரியும் கைதடிக்குப் போகும் பாலமும் அதன் பார்வைக்குள் வருகின்றன. அது சுமப்பது ராடர். ஐந்தரை சென்ரிமீற்றர் அளவு அலைநீளமுள்ள நுண்ணலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும் வலுவை அளக்கிறது. அந்த அலைகளுக்கு மேகமும் தடையில்லை, இருட்டும் தடையில்லை. தட்டையான நீர்ப்பரப்பில் பட்ட அலை வேறு திசைக்குத் தெறித்துவிடுவதால், படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும். மாரியில் நாட்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும் எங்கள் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கண் வேறில்லை.

அந்தப் படம் வழமையாக ஒரு நாளுக்குள் இணையத்துக்கு வந்துவிடுகிறது. காசு கட்டத் தேவையில்லை. ஒரு கணக்கைத் திறந்தால் போதும். கோப்பாயில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் ஐரோப்பாவின் கோப்பேர்னிக்கஸ் தளத்தில் அதைப் பார்க்கலாம். அப்படியென்றால், செய்மதி கடந்துபோன மறுநாளே, எந்தக் கிராம அலுவலர் பிரிவில் எத்தனை பரப்பு வயல் மூழ்கியது என்ற வரைபடம் வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகத்தின் மேசையில் இருக்க வேண்டும். அந்தப் படம் மேசைக்கு வந்து சேரும் வழியில் எத்தனை படிகள் உள்ளன, எந்தப் படியில் நாம் தடுக்கி நிற்கிறோம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தகவல் இருந்தும் வழி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்து சுமார் 15 நிமிடங்களுக்குள் ஹவாயில் இருந்த பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தன் முதல் அறிக்கையை அனுப்பியது. ஆனால் அது பசுபிக் நாடுகளுக்கான அறிக்கை. இந்து சமுத்திரத்துக்கென ஒரு எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. அலை எங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரம் அளவில் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாய்ப் போனது. வடமராட்சி கிழக்கிலிருந்து தென்கரை வரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, 2005 பெப்ரவரியில், பிரசெல்ஸ் நகரில் கூடிய நாடுகள் புவி கண்காணிப்புக்கான ஒரு கூட்டமைப்பை நிறுவின. செயலகம் ஜெனீவாவில். பூமியைப் பார்க்கும் கருவிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டின், ஒவ்வொரு நிறுவனத்தின் அலுமாரிக்குள் இருக்கிறது. இவற்றைத் தொடுத்து ஒரே அமைப்பாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்து சமுத்திரத்துக்கும் ஒரு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு வந்தது. 2011 முதல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் இந்த வட்டாரம் முழுவதற்கும் எச்சரிக்கை வழங்குகின்றன. இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது.

தரவு இலவசமாகக் கிடைப்பதும் பழைய வழக்கமில்லை. அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படம் பிடித்து வருகின்றன. ஆனால் 2008 வரை ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பத்து ஆண்டு மாற்றத்தை ஆராய நினைத்தால், படச் செலவே அவரை நிறுத்திவிடும். 2008 இன் இறுதியில் முழுச் சேமிப்பும் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் மிக அதிகமாக விற்பனையான ஆண்டில் சுமார் 25,000 படங்களே போயிருந்தன; திறந்த பின் ஆண்டுக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பா 2014 இல் சென்ரினல்-1 ஐ அனுப்பியபோது தொடக்கத்திலிருந்தே தரவைத் திறந்து வைத்தது. தரவுப் பகிர்வில் இதுவரை எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவுகள் இவை இரண்டும் என்பேன்.

பேரிடர் வேளைக்குத் தனி ஏற்பாடுகளும் உண்டு. விண்வெளி மற்றும் பெரும் அனர்த்தங்களுக்கான சர்வதேச சாசனம் 2000 நவம்பரிலிருந்து இயங்குகிறது. இந்தியாவின் இஸ்ரோவும் அதில் உறுப்பு. ஆசியாவுக்கு, ஜப்பானின் முன்னெடுப்பில் உருவான சென்ரினல் ஏசியா என்ற ஏற்பாடு இருக்கிறது. அனர்த்தம் நேர்ந்தால் எங்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இந்த வழிகளில் உதவி கேட்கலாம். பல நாடுகளின் செய்மதிகள் அந்த இடத்தை நோக்கித் திருப்பப்படும். 2016, 2017 மே மாத வெள்ளங்களின்போது பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் செய்மதிப் படங்களிலிருந்து வெள்ள வரைபடங்கள் தயாரித்தது. 2025 நவம்பர் இறுதியில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட டித்வா புயலின்போதும் விண்ணிலிருந்து பார்த்த வெள்ளப் படங்கள் வெளிவந்தன.

இதுவரை சொன்னது வானத்திலிருந்து இணையம் வரையான பாதி. மற்றப் பாதி கடினமானது.

வட்டமுனைச் செருகியும் சதுரமுனைச் செருகியும் கலந்து கிடக்கும் வீட்டில் மின்சாரம் இருந்தும் சாதனம் இயங்காத நிலை எங்களுக்குத் தெரியும். தரவிலும் அதுவே. ஒரு நிறுவனத்தின் கணினி தருவதை இன்னொன்றின் கணினி வாங்க வேண்டுமானால், கோப்பு எந்த வடிவில், ஆள்கூறு எந்த முறையில், திகதி எந்த ஒழுங்கில் என்று முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். 1994 இல் தொடங்கிய திறந்த புவியிடத் தரவுக் கூட்டமைப்பு இந்த உடன்பாடுகளைத்தான் எழுதி வருகிறது. அவற்றைப் பின்பற்றும் கணினியிடம் “இந்த எல்லைக்குள், இந்தத் திகதிக்குரிய படத்தைத் தா” என்று கேட்டால், கேட்ட துண்டு மட்டும் வரும். முழுப் படத்தையும் இறக்கிச் சேமிக்க வேண்டியதில்லை. இணைய வேகம் குறைந்த கிராமத்து அலுவலகத்துக்கு இது பெரிய வசதி.

ஆள்கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் கண்டவளையை ஆதாரமாகக் கொண்டவை. 1999 இல் புதிய தேசிய முறை வந்தது. இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி பிதுருதலாகலை மலைதான். ஆனால் பழையது அந்தப் புள்ளிக்கு இரண்டு இலட்சம் மீற்றர் என்று எண் இடுகிறது, புதியது ஐந்து இலட்சம் மீற்றர் என்று இடுகிறது. செய்மதிப் படமும் கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸும் உலகப் பொது முறையைப் பின்பற்றுகின்றன. கண்டவளை முறையில் குறித்த வயல் எல்லையைச் சரியாக மாற்றாமல் செய்மதிப் படத்தின் மேல் வைத்தால், அது நூறு மீற்றருக்கு மேல் விலகி நிற்கும். கோப்பாயில் நூறு மீற்றர் என்றால் வேறொருவரின் காணி, சில இடங்களில் கடல்நீரேரி. பயிரழிவுக்கு நட்டஈடு கணக்கிடும் நேரத்தில் இந்தப் பிழை ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைக்கும்.

ஊர்ப்பெயரும் அப்படியே. கோப்பாயை ஆங்கிலத்தில் பல விதமாய் எழுதுவார்கள். கணினிக்கு அவை வேறு வேறு ஊர்கள். கிராம அலுவலர் பிரிவுகளுக்கு ஜே என்ற எழுத்தோடு ஏற்கெனவே இலக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் அந்த இலக்கத்தை எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விடயத்துக்கு வருகிறேன். செய்மதி சொல்வதை இந்த மண்ணை அறிந்தவர் திருத்தாவிட்டால் வரைபடம் தவறாகும். மூன்று இடங்களில் அது தவறும்.

முதலாவது, உப்பாறு. கோடையில் அதன் பெரும்பகுதி காய்ந்து உப்புப் படிந்து வெளுத்துக் கிடக்கும், மாரியில் நிறையும். “நிரந்தர நீர்” எது, “வெள்ளம்” எது என்று உலகளாவிய வரைபடங்கள் பிரிக்கும் கோடு இங்கே பொருந்தாது. கோடைப் படத்தோடு ஒப்பிட்டால், ஆண்டுதோறும் இயல்பாக நிறையும் ஏரியே அனர்த்தமாகத் தெரியும். இரண்டாவது, வயல். காலபோக நெல் மழையை நம்பி விதைக்கப்படுவது; கார்த்திகையில் வரம்புக்குள் நீர் நிற்பது நல்ல விளைச்சலின் அடையாளம். இளம் பயிருக்கிடையே நிற்கும் நீரும் பயிரை மூடிய நீரும் ராடருக்கு ஏறத்தாழ ஒன்றே. எத்தனை நாள் நின்றது, நாற்று அழுகியதா என்பது கமக்காரருக்குத்தான் தெரியும். மூன்றாவது, குடிமனை. பனையும் தென்னையும் வேலியும் மதிலும் நிறைந்த வளவுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் நின்றாலும், ராடர் அலை மரத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்புவதால் படத்தில் கறுப்பு விழாது. மக்கள் பாடசாலைகளில் தங்கியிருக்கும்போது அவர்கள் வீடு இருக்கும் இடம் வரைபடத்தில் காய்ந்த நிலமாகத் தெரியக்கூடும்.

2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவு மழையைக் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி வந்தது. அந்த நாட்களில் எந்த ஒழுங்கையில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை மதிலில் கோடு போட்டுக் காட்டக்கூடியவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். அந்த அளவுகள் எழுத்தில் ஏற வேண்டும்.

நிலத்தடி நீரில் செய்மதிக்கு இன்னும் குறைவாகவே தெரியும். ஈர்ப்பு மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரின் எடையை அறியும் கிறேஸ் செய்மதிகள் உள்ளன. அவை முன்னூறு கிலோமீற்றர் அகலத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கும். சுமார் ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பே உள்ள குடாநாடு அந்தப் புள்ளிக்குள் மறைந்துவிடும். எங்கள் நன்னீரோ சுண்ணக்கல்லுக்குள், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. மேலே கொஞ்சம் குறைந்தால் கீழே பெரிதாகக் குறையும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் தோட்டக் கிணற்றின் மட்டத்தைக் கயிறு விட்டு அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீர்வள சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று பலரும் கிணறுகளின் மட்டத்தையும் நைத்திரேற்று அளவையும் அளந்திருக்கிறார்கள். அந்த அளவுகள் அறிக்கைகளிலும் ஆய்வேடுகளிலும் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன.

பகிர்வு நடந்தால் பயன் உடனே தெரியும் என்பதற்குச் சான்று கண்ணெதிரே இருக்கிறது. இலங்கை பல ஆண்டுகளாக டொப்ளர் ராடருக்குக் காத்திருக்க, பாக்கு நீரிணைக்கு அப்பால் காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் ராடர் இயங்குகிறது. குடாநாடு அதன் எல்லைக்குள் வருகிறது. அதன் படம் இணையத்தில் பொதுவில் கிடைக்கிறது. எங்கள் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதும் வானிலைக் குறிப்புகளைக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் படித்து வேலையைத் திட்டமிடுகிறார்கள். தரவுக்கும் மக்களுக்கும் நடுவே, இரண்டையும் அறிந்த ஒருவர் வேண்டும். ஒருவர் போதாது, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒருவராவது வேண்டும்.

எங்கள் ஒரு பரப்பு காணி சுமார் 253 சதுர மீற்றர். ராடர் இல்லாமல் சூரிய ஒளியில் படம் பிடிக்கும் சென்ரினல்-2 செய்மதியின் ஒரு படப்புள்ளி பத்துக்குப் பத்து, நூறு சதுர மீற்றர். அதாவது, ஒரு பரப்புத் தோட்டமும் விண்ணிலிருந்து இரண்டரைப் புள்ளியாகப் பதிவாகிறது, மேகமில்லாத நாட்களில் ஐந்து நாளுக்கு ஒருமுறை. அந்தப் புள்ளிகளில் என்ன பயிர் இருந்தது, எந்தத் திகதியில் நட்டது, கிணறு எவ்வளவு கீழே போனது, வெள்ளம் எத்தனை நாள் நின்றது என்பதைச் சேர்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஆகவே, பிரதேச செயலகமும் கமநல சேவை நிலையங்களும் பல்கலைக்கழகமும் இந்த மாரி தொடங்குமுன் ஒரு மேசையில் அமரட்டும். கிணற்று மட்டம், வெள்ள உயரம், பயிரழிவு ஆகிய மூன்றையும் கிராம அலுவலர் பிரிவு இலக்கம், ஜிபிஎஸ் ஆள்கூறு, திகதி என்ற ஒரே ஒழுங்கில் பதிந்து, கமக்காரரின் பெயரை நீக்கி, எல்லோரும் எடுக்கக்கூடியவாறு இணையத்தில் வெளியிடட்டும். இதற்குச் செய்மதி வாங்க வேண்டாம். ஒரு விரிதாளும் அதை நிரப்பப் பொறுப்பான ஒருவரும் போதும்.