பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தாய்மார்களுக்கு



ஜூன் மாதம் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் தொடங்கும். அதே நாட்களில்தான் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்து வீடுகளில் சீருடை தைப்பதும் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதுமாக ஒரே அமளியாக இருக்கும். அந்த அமளி எட்டிப் பார்க்காத வீடுகளும் நம் தெருக்களில் உண்டு. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்ட பின்னர், நடக்க இயலாத பிள்ளையோ, பேச்சு வராத பிள்ளையோ, பிறர் முகம் பார்த்துப் பழகாத பிள்ளையோ அங்கே திண்ணையில் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும். "இவனுக்குப் படிப்பு வராது" என்று வீட்டார் முடிவு கட்டியிருப்பார்கள். அந்த முடிவை எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். எந்த ஆசிரியரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்.

அல்லாஹ் தந்த அமானிதம் என்று வாயால் சொல்லிக்கொள்கிறோம். அமானிதத்தைப் பூட்டி வைத்தால் மட்டும் போதுமா?

எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டான். ஆனால் ஒருமுறை கேட்ட சூராவை ராகம் பிசகாமல் திருப்பிச் சொல்வான். அந்தத் தாய் ஒரே கோடையில் மூன்று பள்ளிகளின் வாசலை மிதித்தார். முதற்பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். இரண்டாவதில் மற்றப் பெற்றோர் குறை சொல்வார்கள் என்றார்கள். மூன்றாவதில் சேர்த்துக்கொண்டு, இரண்டே மாதங்களில் "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கும் நல்லது" என்று இதமாகச் சொன்னார்கள். மூன்று இடங்களிலும் எவரும் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. அவரும் எழுதிக் கேட்கவில்லை. வாய்வார்த்தையாக வந்த மறுப்பு வாய்வார்த்தையாகவே காற்றில் கரைந்துபோயிற்று.

வாசகர்களே! இந்த வட்டாரத்தில் இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இயங்கி வருவதை நம்மில் பலர் பேருந்திலிருந்து பார்த்திருக்கலாம். உள்ளே சென்றவர்கள் சிலரே. அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டு பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டு கீழே விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. சொந்த ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பி, உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் தம்மைப் போன்ற பிள்ளைகளுக்காக இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். பின்னாளில் தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவர்களும் வந்து தோள் கொடுத்தார். 2020ஆம் ஆண்டு ராமகிருஷ்ணன் அவர்களுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருதைவிட நமக்கு முக்கியமானது வேறொன்று. அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியும் அங்கு உண்டு. ஊனமுள்ள பிள்ளையும் ஊனமற்ற பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் பொதுப் பள்ளியும் உண்டு. கைக்குழந்தைப் பருவத்திலேயே குறையைக் கண்டறிந்து பயிற்சி அளிக்கும் பணியும் நடைபெறுகிறது. "சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா?" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பெற்றோர் இதைச் சென்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டாண்டுகள் சிறப்புப் பயிற்சி பெற்றுவிட்டுப் பொதுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு. பொதுப் பள்ளியில் தடுமாறிவிட்டுச் சிறப்புப் பள்ளியில் நிம்மதி காணும் பிள்ளையும் உண்டு. இன்று எடுக்கும் முடிவு ஆயுள் முழுமைக்குமானது என்ற பயமே பல தாய்மார்களை எந்த முடிவும் எடுக்கவிடாமல் செய்கிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொன்றாக உயர்த்திற்று. ஆட்டிசமும், மூளை முடக்குவாதமும், எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத கற்றல் குறைபாடும் இப்போது பட்டியலில் உள்ளன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. "தான் விரும்பும்" என்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். எந்தப் பள்ளி என்று தேர்வு செய்வது தலைமையாசிரியர் அல்லர்.

அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளவும், கட்டிடத்தையும் கழிப்பறையையும் அந்தப் பிள்ளை பயன்படுத்தும்படி அமைக்கவும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்யவும் அரசு முயல வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. "முயல வேண்டும்" என்பதில் சற்றே நழுவல் இருக்கிறதுதான். சட்டம் எழுதியவர்கள் இன்னும் அழுத்தமாக எழுதியிருக்கலாம். நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் காட்டி நம் பிள்ளையை நம் பள்ளியே திருப்பி அனுப்புமானால், சிறுபான்மை உரிமை யாருக்காகப் பெறப்பட்டது என்று ஜமாஅத்தார் கேட்க வேண்டாமா?

உரிமை இருந்தால் மட்டும் போதாது. கையில் காகிதம் வேண்டும். முதற்காகிதம் மருத்துவச் சான்றும், அதன் அடிப்படையில் வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டையும். முன்பெல்லாம் மாவட்ட அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போன தாய்மார்களை நான் அறிவேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தென்காசியிலேயே இருக்கிறது. "அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடுமே, தங்கையின் திருமணத்துக்குத் தடையாகுமே" என்று தயங்குவோர் உண்டு. அட்டை இல்லாததால் ஊருக்குத் தெரியாமல் இருந்துவிடுமா? கல்வி உதவித்தொகையும், பேருந்துக் கட்டணச் சலுகையும், பொதுத்தேர்வுச் சலுகைகளும்தான் கை நழுவிப் போகும். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், தாயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்து, வட்டார வள மையம். பலருக்கு இப்பெயரே தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் அங்கே பணியாற்றுகிறார்கள். பள்ளிக்கு வர இயலாத அளவு கடும் பாதிப்புள்ள பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. வயது கடந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். பத்து வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தரவேண்டும் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் ஏற்பாடு.

சேர்க்கை கிடைத்தவுடன் பாதி வேலைதான் முடிகிறது. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். பிள்ளைக்கு எது இயலும், எது இயலாது, என்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதினால் போதும். தரைத்தள வகுப்பு, முன்வரிசை இடம், மணியோசைக்கு அருகில் இல்லாத இருக்கை, கழிப்பறைக்குத் துணை, எழுதுவதற்குக் கூடுதல் நேரம் என்று உங்கள் பிள்ளைக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள். "எங்கள் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்ற பொதுவான வேண்டுகோளை ஆசிரியர் மறந்துவிடுவார். "இரண்டாவது பெஞ்சில் சன்னல் ஓரம்" என்றால் மறக்கமாட்டார். பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதும் உதவியாளர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது.

போக்குவரத்து தனித் தலைவலி. குற்றாலம் சீசனில் தென்காசிப் பேருந்துகளில் கால் வைக்க இடமிருப்பதில்லை. அருவிக்குப் போகும் சவாரி கிடைக்கும்போது ஆட்டோக்காரர் பள்ளிச் சவாரிக்கு வர யோசிப்பார். ஆகவே ஜூனில் அலைவதைவிட ஏப்ரல், மே மாதங்களிலேயே மாதவாடகை பேசி வையுங்கள். இதே நிலையிலுள்ள இரண்டு வீடுகள் சேர்ந்தால் செலவும் பாதியாகும். துணைக்குச் செல்லும் தாய்க்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு கிடைக்கும்.

மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். "பள்ளிக்கூடம் வேண்டாம், மக்தபில் உட்கார்ந்து இரண்டு எழுத்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்று அழைத்து வருகிறார்கள். வரவேற்கிறேன், ஆனால் மக்தப் பள்ளிக்கூடத்துக்கு ஈடாகாது. மத்ரஸாக்களைக் கல்வி உரிமைச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவரவே இல்லை. மக்தபில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரும் இல்லை, இயன்முறை மருத்துவரும் இல்லை. அதே வேளையில் மக்தபின் கதவு இவர்களுக்கு மூடப்படவும் கூடாது. கண்பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர்களில் ஒருவர். நபி (ஸல்) அவர்கள் வெளியே சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் உண்டு.

மேலே சொன்ன சகோதரி இப்போது நான்காவது பள்ளியை அணுகியிருக்கிறார். இம்முறை கையில் அட்டையின் நகலும், அரைப்பக்கக் கடிதமும், வட்டார வள மையத்துப் பயிற்றுநரின் குறிப்பும் இருந்தன. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அலுவலகத்தில் முத்திரையும் வாங்கிக்கொண்டார். மறுப்பதாயிருந்தால் காரணத்தை எழுதித் தாருங்கள் என்று பணிவாகக் கேட்டார். பிள்ளை இப்போது ஒன்றாம் வகுப்பில் சன்னல் ஓரம் அமர்கிறான். முதல் மாதம் முற்பகல் மட்டும் என்பது ஏற்பாடு. எழுதித் தர மறுத்திருந்தால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க இரண்டாவது மனு ஒன்றையும் எழுதி வைத்திருந்தார். அது இன்னும் அவருடைய பையிலேயே இருக்கிறது.