புள்ளி மேல் புள்ளி: மெத்தட் செயினிங்

புரோகிராம் எழுதக் கற்றுக் கொள்பவரா நீங்கள்? அப்படியானால் ஒரு மெத்தட், ஒரு புள்ளி, மீண்டும் ஒரு மெத்தட் என்று சங்கிலி போல நீளும் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு மெத்தட் செயினிங் என்று பெயர். 2006-ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகொயரி, இந்த முறையை இணையப் பக்கங்களை வடிவமைப்பவர்களிடையே பிரபலமாக்கியது.

ஒரு மெத்தட் தன் வேலையை முடித்ததும் ஒரு விடையைத் திருப்பித் தரும். அடுத்த புள்ளிக்குப் பின் வரும் மெத்தட், அந்த விடையின் மீதுதான் இயங்கும். வரியின் தொடக்கத்தில் உள்ள ஆப்ஜெக்டின் மீது அல்ல. இதை மறந்தால் தொல்லைதான். திரும்பி வரும் விடை மூன்று விதமாக இருக்கலாம்.

1. அதே ஆப்ஜெக்ட்: ஜாவாவில் ஸ்டிரிங்பில்டரின் அப்பெண்ட் மெத்தட், எழுத்துக்களைச் சேர்த்துவிட்டு அதே ஸ்டிரிங்பில்டரையே திருப்பித் தரும். எனவே எத்தனை அப்பெண்ட் வேண்டுமானாலும் தொடர்ந்து எழுதலாம். நீங்கள் உருவாக்கும் கிளாஸிலும் இந்த வசதி வேண்டுமா? மெத்தடின் ரிட்டர்ன் டைப்பாக அந்த கிளாஸின் பெயரைக் கொடுத்து, கடைசி வரியில் ‘ரிட்டர்ன் திஸ்’ என்று எழுதுங்கள்.

2. புதிய ஆப்ஜெக்ட்: ஜாவாவில் ஒரு ஸ்டிரிங்கை உருவாக்கிய பின் மாற்ற முடியாது. டிரிம் மெத்தட், முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கிப் புதிய ஸ்டிரிங் ஒன்றைத் தரும். பழையது அப்படியே இருக்கும். விடையை ஒரு வேரியபிளில் வாங்கி வைக்காவிட்டால் செய்த வேலை வீண். பிழைச் செய்தியும் வராது.

3. ஒன்றுமில்லை: பைதானில் லிஸ்ட்டின் சார்ட் மெத்தட், லிஸ்ட்டை வரிசைப்படுத்திவிட்டு ‘நன்’, அதாவது ‘எதுவுமில்லை’ என்பதைத் தரும். அதன் பின் இன்னொரு மெத்தட் போட்டால் புரோகிராம் நின்றுவிடும். அந்த விடையை லிஸ்ட் இருந்த வேரியபிளிலேயே போட்டால் இன்னும் மோசம். உங்கள் லிஸ்ட் கையை விட்டுப் போய்விடும். இங்கே சார்டெட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அது வரிசைப்படுத்திய புதிய லிஸ்ட்டைத் தரும்.

நீண்ட சங்கிலியில் பிழை வந்தால், அதைத் தனித்தனி வரிகளாகப் பிரித்து ஒவ்வொரு விடையையும் பிரிண்ட் செய்து பாருங்கள். அறுந்த கண்ணி தெரிந்துவிடும். அடுத்த முறை புள்ளி வைக்கும் முன், ‘இந்த மெத்தட் எதைத் திருப்பித் தருகிறது?’ என்று ஒரு நொடி யோசியுங்கள்.